எஸ்.டி. பயோலைன் எச்ஐவி–சிபிலிஸ் டுயோ: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

கர்ப்பிணிகளின் முதல் பரிசோதனைக்கு ஒரே கிட்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கலாம். விரல்நுனி ரத்தத்திலேயே எச்ஐவி, சிபிலிஸ் இரண்டின் எதிர்ப்பொருளையும் ஒரே பட்டையில் காட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் தரம் பார்த்துத் தரும் ஒப்புதலான முன்தகுதியை 2015இல் பெற்றது. அதைப் பெற்ற எச்ஐவி–சிபிலிஸ் இரட்டைக் கிட்களில் முதலாவது இதுதான்.

உறையைக் கடைசி நேரத்தில் பிரியுங்கள், ஈரக்காற்று பட்டையைக் கெடுக்கும். ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். முழு ரத்தம் 20 மைக்ரோலிட்டர், சீரம் என்றால் 10. பிறகு டைலூயன்ட் (கிட்டுடன் வரும் நீர்ப்புத் திரவம்) 3 சொட்டு. தகராறு பெரும்பாலும் இந்தச் சொட்டில்தான்: புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு சிறுத்து, ரத்தம் நகராமல் சன்னல் சிவந்தே கிடக்கும். 15 முதல் 20 நிமிடத்துக்குள் படித்துவிடுங்கள். அதற்குள் வந்த கோடு எவ்வளவு மங்கலானாலும் பாசிட்டிவ். பிறகு வருவது கணக்கில் சேராது. கன்ட்ரோல் கோடு வராவிட்டால் புதுப் பட்டை. வந்தாலும், திரவம் ஓடியது என்பதற்குத்தான் அது சாட்சி. ரத்தம் போதிய அளவு விழுந்ததா என்பதற்கு அல்ல.

குறை சிபிலிஸ் பக்கம். சிபிலிஸ் கிருமியான ட்ரெபோனிமாவுக்கு எதிரான எதிர்ப்பொருள், சிகிச்சை முடிந்து பல்லாண்டுகள் ஆனாலும் பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் தங்கிவிடும். எனவே இருப்பது பழைய தொற்றா, புதியதா என்று இந்தக் கோடு சொல்லாது. அதற்கு ஆர்பிஆர் என்ற தனி ரத்தச் சோதனையின் டைட்டர், அதாவது ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் காட்டுகிறது என்ற அளவு, வேண்டும்: 1:32 என்பது 1:8 ஆக, அதாவது நான்கு மடங்கு, இறங்கினால்தான் மருந்து பிடித்தது என்று பொருள். அதனால் பாசிட்டிவ் வந்த அன்றே ஆர்பிஆருக்கு ரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிவுக்காகக் கர்ப்பிணியைக் காக்க வைக்கக் கூடாது; பென்சிலின் ஒவ்வாமை இல்லையென்றால் பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசி அன்றே. எச்ஐவி கோட்டுக்கும் உறுதிப்படுத்தும் சோதனைகள் தேவை.

சிபிலிஸ் புண் தோன்றிய ஆரம்ப நாட்களில் நெகட்டிவ் காட்டக்கூடும். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எச்ஐவிக்கான ஏஆர்டி மருந்து எடுப்பவர்களுக்கும் முன்பே சிபிலிஸ் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இந்தக் கிட் வேண்டாம். முதல் வகையினருக்குச் சிபிலிஸ் சோதனை மட்டும் போதும், இரண்டாம் வகையினருக்கு எச்ஐவி கிட்டும் ஆர்பிஆரும் தனித்தனியாக.