சவுத்வெஸ்ட், சவுத்ஈஸ்டர்ன்: ஒன்று கலைந்தது, ஒன்று வளர்ந்தது

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வட்டாரக் கூட்டமைப்புகளுள் 1914இல் உருவான சவுத்வெஸ்ட் 1996இல் கலைந்தது. சதர்ன் கூட்டமைப்பிலிருந்து 13 கல்லூரிகள் பிரிந்து 1932இல் அமைத்த சவுத்ஈஸ்டர்னோ இன்றும் வளர்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பின் மீது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏ வைத்திருந்த கட்டுப்பாட்டை 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கிய பின்னர், எவ்வளவு பரந்த நிலப்பரப்பில் பார்வையாளர்கள் உள்ளனர் என்பது வருவாயைப் பெரிதும் தீர்மானிக்கத் தொடங்கியதால், அர்கன்சாஸ் பல்கலைக்கழகம் நீங்கலாக எல்லா உறுப்பினர்களும் டெக்சஸுக்குள்ளேயே இருந்த சவுத்வெஸ்ட் பின்தங்கியது. போதாக்குறைக்கு, வீரர்களுக்கு முறைகேடாகப் பணம் கொடுத்ததற்காக அதன் உறுப்பினரான சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் 1987ஆம் ஆண்டுப் பருவமே ரத்தானது. தண்டனைக்குள்ளான உறுப்பினர் அது மட்டுமன்று.

பிறகு அர்கன்சாஸும் வெளியேறிச் சவுத்ஈஸ்டர்னில் சேர்ந்தது. சவுத் கரோலைனாவையும் சேர்த்து 12 உறுப்பினர்களைப் பெற்ற அக்கூட்டமைப்பு, 1992இல் பர்மிங்ஹாமில் தன் முதல் இறுதிப் போட்டியை நடத்தியது. அதில் அலபாமா ஃபுளோரிடாவை 28-21 என வென்றது. உள்ளூர்ப் போட்டியின் விறுவிறுப்பில் சவுத்வெஸ்ட் சற்றும் குறைந்ததன்று என்பது என் கருத்து. ஆயினும் அதன் தூணாக விளங்கிய டெக்சஸ் பல்கலைக்கழகமே, இடையில் பிக் 12 என்ற மற்றொரு கூட்டமைப்பில் இருந்துவிட்டு, 2024இல் சவுத்ஈஸ்டர்னில் இணைந்துவிட்டது.