மெட்டோப்ரோலோலா, ஐவாப்ரடினா? இதய ஸ்கேனுக்கு முன் எது பயமில்லாதது?

கண்டியில் இதய சிடி ஸ்கேன் என்றதும் ஹட்டன் அத்தைக்கு வந்த ஒரே கவலை, "பிளேன்டீ குடிக்காம எப்படிப்பா போறது?" என்பதுதான். தேயிலையில் உள்ள கஃபீன் நாடியைக் கூட்டும் என்பதால் 12 மணித்தியாலம் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கவலை, அங்கே கொடுக்கப்போகும் குளிசை. அத்தைக்கு இழுப்பு உண்டு. பனி இறங்கினால் பம்ப் இல்லாமல் முடியாது.

நாடி நிமிடத்துக்கு 60 பக்கம் இறங்கினால்தான் இதயத்தின் ரத்தக் குழாய்கள் படத்தில் கலங்காமல் விழும். அதற்கு வழக்கமாகக் கொடுப்பது மெட்டோப்ரோலோல். ஒரு மணித்தியாலத்துக்கு முன் 50 முதல் 100 மில்லிகிராம். போதாவிட்டால் ஊசியாகவும் ஏற்றலாம், சில நிமிடத்தில் கேட்கும். நன்றாகப் பழகிய மருந்து. ஆனால் நாடியோடு பிரஷரையும் இறக்கிவிடும். மூச்சுக்குழாயையும் சுருக்கலாம். இதயத்தில்தான் அதிகம் வேலை செய்யும் என்பது சரி, ஆனால் அளவு கூடக்கூட அந்தப் பாகுபாடு தளர்ந்துவிடும். இதயத்தின் மின்துடிப்பு தடைப்படும் 'ஹார்ட் பிளாக்' உள்ளவர்களுக்கும் ஆகாது.

ஐவாப்ரடின் நாடியை மட்டும் குறைக்கும். பிரஷரைப் பெரிதாகத் தொடாது, மூச்சுக்குழாயைச் சீண்டாது. 2005இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது நெஞ்சுவலிக்காகத்தான். ஸ்கேனுக்குக் கொடுப்பது டொக்டரின் தீர்மானம். துடிப்பு ஒழுங்கில்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்காரர்களுக்கு இதனால் பயனில்லை. கண்ணில் சிலருக்கு ஒளி மின்னும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கூடவே எடுக்கும் வேறு மருந்துக்கு: சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் ரத்தத்தில் இதன் அளவு ஏறிவிடும். தோட்டத்து டிஸ்பென்சரியில் வாங்கியதை நம் ஆட்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நாடியைக் குறைக்கும் இன்னொரு மருந்தான டில்டியாசெம்? இழுப்புக்காரருக்குக் கொடுக்கலாம். ஆனால் பிரஷர் இறங்கும், ஐவாப்ரடினோடு சேரவே கூடாது.

இழுப்பு இல்லை, பிரஷரும் சரியாக இருக்கிறது என்றால் நான் மெட்டோப்ரோலோல் பக்கம்தான். அத்தைக்கு ஐவாப்ரடின் என்று முடிவானது, கிளினிக் கொப்பியோடு பம்பையும் மேசையில் வைத்த பிறகுதான்.

எந்தக் குளிசையானாலும், ஸ்கேன் நேரத்தில் நாக்குக்கடியில் நைட்ரோகிளிசரினும் கொடுப்பார்கள். அதுவும் பிரஷரை இறக்கும். வயாக்ரா போன்றதை எடுத்தவர் கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் அரை மணித்தியாலம் உட்கார்ந்து, பிரஷர் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கினிகத்தேனை வளைவுகள் சும்மாவே தலையைச் சுற்ற வைக்கும், அப்புறம் லயத்துப் படிகள் வேறு இருக்கின்றன.