மனையா, ஃபிளாட்டா, போர்ஷன் வீடா, ஒத்தியா? மதுரையில் முதல் முதலீட்டுக்கு ஒரு கணக்கு

மதுரையில் முப்பது வயதுக்குள் மாதம் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சம்பாதிக்கத் தொடங்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். மேற்படிப்பு முடித்துத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்த டாக்டர், பெங்களூரு நிறுவனத்துக்கு நாராயணபுரத்து மாடியறையிலிருந்து வேலை பார்க்கும் பொறியாளர், உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குகள் பிடித்துவிட்ட வழக்கறிஞர். வருமான வரிக் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் இவர்கள் என்னிடம் வருகிறார்கள். கணக்கு முடிந்து எழும்போது கேட்பது ஒன்றுதான்: "சார், மாதாமாதம் வாடகை வருகிற மாதிரி ஏதாவது வாங்கிப் போட வேண்டும். எதை வாங்கலாம்?"

எந்தச் சொத்தாக இருந்தாலும் நான் இரண்டைத்தான் பார்க்கச் சொல்வேன். செலவெல்லாம் போக ஓர் ஆண்டில் கையில் நிற்பது எவ்வளவு? அந்தப் பணத்தை வரவைக்க உழைக்கப் போவது யார்? விலை எவ்வளவு ஏறும் என்பது மூன்றாவது கேள்வி. நம் ஊரில் அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதனால்தான் பெரும்பாலானவர்களின் முதல் முதலீடு காலி மனையில் போய் முடிகிறது.

ஒத்தக்கடை, கருப்பாயூரணி, நாகமலை புதுக்கோட்டை, திருமங்கலம் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் கல் நட்டுக் கொடி கட்டிய மனைகள். மனை மோசமான சொத்து இல்லை. ஆனால் அது வருமானம் தரும் சொத்து இல்லை. வாடகை ஒரு ரூபாய் வராது. காலிமனை வரி கட்ட வேண்டும், எல்லைக்கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முள் வெட்ட வேண்டும். தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் அதன் முதல் மாணவர்கள் 2022இல் படிக்கத் தொடங்கியது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். 'பெரிய திட்டம் வருகிறது' என்ற பேச்சை நம்பி அந்தச் சுற்றுவட்டாரத்தில் கடன் வாங்கி மனை பிடித்தவருக்கு, திட்டம் தாமதமான ஒவ்வோர் ஆண்டும் வட்டிச் செலவுதான். பத்து, பதினைந்து ஆண்டு கழித்து வீடு கட்டிக் குடிபோக நினைப்பவர் மனை வாங்கட்டும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரமும், தேவைப்படும் இடத்தில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு உருவான அங்கீகாரமற்ற மனைக்கு, அத்தகைய மனைகளைப் பின்னர் முறைப்படுத்தும் அரசின் வரன்முறைத் திட்டமும் கைகொடுக்காது. மனை பழைய கண்மாயின் நீர் தேங்கும் உள்வாயிலா, வரத்துக் கால்வாய் மேலா என்று மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாயை ஒட்டிய தெருக்கள் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் இது.

அடுத்தது ஃபிளாட். இளைஞர்களுக்கு இதுதான் மிகவும் பிடிக்கிறது. லிஃப்ட், காவலாளி, வங்கிக் கடன் எல்லாம் தயாராக இருக்கும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மறுவிற்பனையில் 50 லட்ச ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து நாலரை லட்சம். ஆக 54.5 லட்சம். வாடகை 14,000 என்றால் ஆண்டுக்கு 1,68,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, குழாய், பெயின்ட் என்று 32,000 கழித்தால் கையில் நிற்பது 1,36,000. போட்ட பணத்தில் சுமார் இரண்டரை சதவீதம்.

கடன் வாங்கினால் நிலைமை இன்னும் கடினம். 40 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700. வாடகையில் நிகரமாக வருவது மாதம் 11,300தான். மீதி 23,400 ரூபாயை ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து நீங்கள் போட வேண்டும். தவணை முடியும்வரை வருமானம் உங்களிடமிருந்து வீட்டுக்குப் போகிறதே தவிர, வீட்டிலிருந்து உங்களுக்கு வரவில்லை.

"வட்டிக்கு வரிச்சலுகை உண்டே சார்" என்பார்கள். இதில்தான் பலரும் பழைய தகவலை வைத்து முடிவெடுக்கிறார்கள். வாடகைக்கு விட்ட வீட்டில், சொத்து வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதமும் கடன் வட்டியும் கழியும் என்பது உண்மை. மேலே சொன்ன ஃபிளாட்டில் முதல் ஆண்டு வட்டியே 3.3 லட்சத்தைத் தாண்டும். ஆகவே கணக்கில் நஷ்டம் வரும். பழைய வரி முறையில் இந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு ஈடுகட்டலாம். புதிய முறையில் வேறு எந்த வருமானத்தோடும் ஈடுகட்ட முடியாது. 2023-24 முதல் நீங்கள் வேறு சொல்லாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். டாக்டர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருத்துவமனை உங்களைச் சம்பளக்காரராக வைத்திருக்கிறதா, கன்சல்டன்டாகத் தொழில் வருமானம் தருகிறதா என்று பாருங்கள். தொழில் வருமானம் என்றால் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ள முடியாது. பழைய முறைக்குப் போனவர் ஒரே ஒருமுறைதான் திரும்பி வரலாம். வரிக்காக ஃபிளாட் வாங்காதீர்கள். நீங்களே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது, நம் ஊரின் பழைய போர்ஷன் வீடு. நரிமேடு, பீபி குளம், சிம்மக்கல், எல்லிஸ் நகர் பக்கங்களில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு குடித்தனம் இருக்கும் கட்டடங்கள். 80 லட்சத்துக்கு ஒன்று அமைகிறது, குடித்தனம் ஒன்றுக்கு 8,500 வாடகை என்று கொள்வோம். ஆண்டுக்கு 4,08,000. காலி மாதங்கள், வரி, மோட்டார், செப்டிக் டேங்க், வெள்ளை அடிப்பது எல்லாவற்றுக்கும் ஒரு லட்சம் போகட்டும். பத்திரச் செலவு சேர்ந்த 87 லட்சத்தில் மூன்றரைச் சதவீதம் நிற்கும். ஃபிளாட்டைவிட ஒரு சதவீதம் அதிகம். ஒரு குடித்தனம் காலியானாலும் மற்ற மூன்று வாடகை தொடர்ந்து வரும் என்பதை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். ஃபிளாட்டில் உங்களுக்குக் கிடைப்பது நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பாகம். இங்கே அடிமண் முழுவதும் உங்களுடையது.

ஆனால் சிக்கல்களும் இதில்தான் அதிகம். கடன் 75 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து மதிப்பில் 75 சதவீதம்தான் வங்கி தரலாம். பழைய கட்டடத்தின் வயதைப் பார்த்து அதையும் குறைப்பார்கள். தாத்தா காலத்துச் சொத்து என்றால் வாரிசுகள் பல ஊர்களில் இருப்பார்கள். தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தமே, அதற்கு முன் மணமாகிவிடாத இந்துக் குடும்பத்து மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்துவிட்டது; 2005இல் மத்தியச் சட்டம் மணமான மகள்களுக்கும் அதைத் தந்தது. சிவகாசியில் கட்டிக்கொடுத்த அத்தையின் கையெழுத்து இல்லாமல் எழுதிய பத்திரம் பிறகு நீதிமன்றத்தில் வந்து நிற்கும். பட்டா யார் பெயரில், மூலப்பத்திரம் யாரிடம், முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். தனித்தனி மின் இணைப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் நாலு வீடும் ஓடினால் மின் கட்டணத்தை வைத்தே மாதாமாதம் சச்சரவு வரும்.

உழைப்பது யார் என்ற இரண்டாவது கேள்வி இங்கேதான் கனக்கிறது. பிள்ளை பெங்களூரில் இருப்பான். தண்ணீர் வரவில்லை என்று குடியிருப்பவர் அழைப்பது அறுபத்தைந்து வயது அப்பாவை. பிளம்பரைத் தேடிப் போவதும், வாடகை தராதவரிடம் நாலு முறை நடப்பதும் அவர்தான். மகனின் கணக்கில் அது உழைக்காமல் வரும் வருமானமாகத் தெரியும். அதற்காக அங்கே ஒருவர் நாளெல்லாம் உழைத்துக்கொண்டிருப்பார். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் சங்கடப்படுகிறது. அப்பாவுக்கு விருப்பமா, உடம்பு ஒத்துழைக்குமா என்று கேட்ட பிறகே போர்ஷன் வீட்டைத் தேடுங்கள்.

கடையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். மாசி வீதிகள், விளக்குத்தூண் பக்கம் கடை வாங்குவது புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கியவரின் கைக்கு எட்டாத விலை. ஊருக்கு வெளியே வணிக வளாகத்தில் வாங்கினால், காலியானபின் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கலாம். முதல் முதலீடாக வேண்டாம்.

இனி ஒத்தி. சொத்து முதலீடு என்று பேசும்போது யாரும் இதை நினைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 8,500 வாடகைக்குப் போகக்கூடிய வீட்டை 8 லட்சம் ஒத்திக்குப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு வாடகை இல்லை. முடிவில் முழுப் பணமும் திரும்ப வரும். ஆண்டுக்கு 1,02,000 மிச்சம் என்றால் 8 லட்சத்துக்கு 12.75 சதவீதம். நீங்களே குடியிருந்தால் அந்த மிச்சத்துக்கு வரியும் இல்லை. ஃபிளாட் வாங்கிக் கிடைக்கும் இரண்டரையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு ஒத்திக்குப் பிடித்த வீட்டை வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பவர்களும் உண்டு. அந்த வாடகைக்கு வரி உண்டு. இதையே திருப்பிப் பார்த்தால், போர்ஷன் வீடு வைத்திருப்பவர் ஒத்திக்கு விடுவது 12.75 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். எட்டரைக்கு வங்கிக் கடன் கிடைப்பவர் தன் வீட்டை ஒத்திக்கு விடவே கூடாது.

வருவாய் அதிகம் என்றால் ஆபத்தும் அதிகம். பெரும்பாலான உரிமையாளர்கள் அடுத்து வருபவரின் பணத்தை வாங்கித்தான் உங்களுடையதைத் திருப்பித் தருவார்கள். அடுத்த ஆள் அமையாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, அவர் தவணை கட்டாமல் போனால், 2002 சர்ஃபேசி சட்டப்படி வங்கி ஏலத்துக்கு வந்துவிடும். நீங்கள் வரிசையில் பின்னால் நிற்பீர்கள். ஆகவே மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று போடுங்கள். செலவு மிச்சம் என்று ஸ்டாம்ப் பேப்பரில் மட்டும் எழுதிக்கொள்ளாமல் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும்.

பங்குச் சந்தையில் ரீட் என்று ஒன்று இருக்கிறது. அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் வைத்திருக்கும் அறக்கட்டளையின் யூனிட்டுகளை வாங்குவது. எம்பசி 2019இல் பட்டியலானது, மைண்ட்ஸ்பேஸ் 2020இல், புரூக்ஃபீல்டு 2021இல், மால்களை வைத்திருக்கும் நெக்ஸஸ் 2023இல். பகிர்ந்தளிக்கத்தக்க பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குத் தந்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. வீட்டு வாடகையைவிடக் கூடுதல் விகிதத்தில் பணம் வருகிறது, ஒரு யூனிட்கூட வாங்கலாம், தேவைப்பட்டால் அடுத்த நாளே விற்கலாம். யூனிட் விலை ஏறி இறங்கும். வருவதில் வட்டிப் பகுதிக்கு உங்கள் வருமான வரம்புப்படி வரி உண்டு. பத்திரம் கையில் இல்லையே என்று வீட்டுப் பெரியவர்கள் வருந்துவார்கள். ஆனால் யாரும் உழைக்காமல் வாடகை வருவது இந்தப் பட்டியலில் இது ஒன்றில்தான்.

என் தம்பி மகள் டாக்டராகி வந்து கேட்டால் இப்படிச் சொல்வேன். முதல் இரண்டு, மூன்று ஆண்டு எதையும் கடனில் வாங்காதே. எந்த ஊரில் நிலைக்கப் போகிறாய் என்பதே இன்னும் தெரியாது. நல்ல பத்திரமுள்ள வீட்டை ஒத்திக்குப் பிடித்துக் குடியிரு. மிச்சமாகும் வாடகையைக் கொஞ்சம் வைப்பு நிதியிலும் கொஞ்சம் ரீட்டிலும் போடு. மதுரைதான் என்று முடிவானபின், ஒத்திப் பணம் திரும்பும் நேரத்தில், சேமிப்பையும் சேர்த்து விலையில் பாதிக்கு மேல் கையிலிருந்து போட்டுப் போர்ஷன் வீடு வாங்கு. ஒரு குடித்தனத்தில் நீயே இரு, மற்ற மூன்றையும் வாடகைக்கு விடு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்; 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வாடகை வசூலையும் பழுது வேலையையும் பார்க்க ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வை. அந்தச் சம்பளத்தையும் கழித்த பிறகு நிற்பதுதான் உன் வருமானம். அந்த வேலையை உன் அப்பாவே பார்ப்பதாகச் சொன்னால், அதே சம்பளத்தை அவர் கணக்கில் மாதாமாதம் போட்டுவிடு.