டெக் டைவிங் ரெகுலேட்டர்: பிஸ்டனா, டயாஃப்ரமா?

போன மாசியில் கடலூர் முதுநகரிலிருந்து என் சித்தி மகன் தன் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவியை, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு புதுச்சேரி வந்தான். "அண்ணே, தண்ணிக்குள்ள போனா ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல இருந்து முத்து முத்தா குமிழி வருது" என்றான். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்றால் சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதி. அவனுடையது பேலன்ஸ்டு பிஸ்டன் வகை, சிலிண்டரில் காற்று குறைந்தாலும் மூச்சிழுக்கும் இழுவை கூடாது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சர்வீஸ் பயிற்சி முடித்தவன் என்பதால் மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பிரித்தேன். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே சாம்பல் நிற வண்டல் குழம்பாக அப்பியிருந்தது. அதைத் துடைத்தால் அடியில் பச்சைக் களிம்பு. பிஸ்டன் தண்டைப் பிடித்திருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் நகத்தை வைத்தாலே தட்டுப்படுகிற ஒரு கீறல். குமிழி வந்த வழி அதுதான்.

அவன் அடுத்து டெக் டைவிங்குக்காக, அதாவது ஆழம் போய், மேலே வரும் வழியில் நின்று நின்று வர வேண்டிய டைவிங்குக்காக, ட்வின்செட்டுக்குப் போகிறான். இரண்டு சிலிண்டர், நடுவே இரண்டையும் இணைக்கும் மேனிஃபோல்ட், இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். எதை வாங்கலாம் என்று கேட்டான். ஒரு வாரம் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

வெளிநாட்டு ஒப்பீடுகளில் முதல் கேள்வி எப்போதும் குளிர்தான். ஐரோப்பாவின் இஎன் 250 தரத்தில் 10 டிகிரிக்குக் கீழே போகிற தண்ணீருக்கென்று தனிச் சோதனையே உண்டு. காற்று விரியும்போது உண்டாகும் குளிரில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் உறைந்து, காற்று நிற்காமல் கொட்டும் என்பது அவர்கள் பயம். நமக்கு 27, 28 டிகிரித் தண்ணீர். அந்தப் பயத்துக்கு இங்கே வேலையில்லை. நம் பகை வண்டல். சங்கராபரணி, தென்பெண்ணை, கெடிலம் எல்லாம் நம் வாசலில்தான் கடலில் சேருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு புரண்டு வந்தால் கரையோரம் முழுக்கக் கலங்கல்.

சரி, பிஸ்டனுக்கும் டயாஃப்ரமுக்கும் என்ன வித்தியாசம்? பிஸ்டன் வகையில் கடல்நீர் துளை வழியாக உள்ளே வந்து, ஸ்பிரிங்கையும் பிஸ்டனையும் நேராகவே தொடும். ஆழத்தின் அழுத்தத்தை அது அறிந்துகொள்ளும் வழியே அதுதான். நகரும் பாகம் குறைவு, காற்று தாராளம், பிரித்துச் சேர்ப்பதும் எளிது. டயாஃப்ரம் வகையில் நடுவே ஒரு ரப்பர்த் தகடு இருக்கிறது. தண்ணீர் அதற்கு இந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். சீல் செய்த மாடலில் வெளியே இன்னொரு தகடும் உண்டு என்பதால் ஸ்பிரிங்கூட நனையாது. பாகங்கள் கூடுதல், சர்வீஸில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் வண்டல் உள்ளே போக வழியே இல்லை.

பிஸ்டன் பக்கம் ஸ்கூபாப்ரோ எம்கே25 ஈவோ. டயாஃப்ரம் பக்கம் அதே ஸ்கூபாப்ரோவின் எம்கே17 ஈவோ, அப்புறம் ஏபெக்ஸ் டிஎஸ்4. நான் எடைபோட்டுப் பார்த்தது இந்த மூன்றையும்தான்.

எம்கே25-ஐ விரும்புகிறவர்கள் முதலில் காட்டுவது காற்றோட்டக் கணக்கு: 200 பாரில் நிமிடத்துக்கு 8,500 லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். நமக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு என்றால் 40 மீட்டரில் அழுத்தம் 5 பார், ஆகவே 100 லிட்டர். பயந்து இரைத்தால் 200. துணைக்கு வந்தவரும் நம் காற்றிலேயே இழுத்தால் 400. மூச்சு உள்ளே போகிற அந்தக் கணத்தின் உச்சம் அதைப்போல மூன்று மடங்கு என்று வைத்தாலும் 1,200 லிட்டர்தான். சிலிண்டர் அழுத்தம் இறங்க இறங்க அந்த 8,500-ம் குறையும் என்பது உண்மை. ஆனாலும் நல்ல பேலன்ஸ்டு டயாஃப்ரம் எதுவும் இந்தத் தேவையில் நம்மைக் கைவிடாது. இந்த எண்ணை வைத்து எம்கே25-ஐ எடுக்காதீர்கள்.

எம்கே25-க்கு உண்மையான பெருமை வேறு. சுழலும் தலையில் ஐந்து லோ பிரஷர் போர்ட் (அழுத்தம் குறைத்த காற்று ஹோஸுக்குப் போகும் துளை), ஹோஸை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். ட்வின்செட்டில் ஹோஸ் போகும் பாதை சின்ன விஷயம் இல்லை. வலது போஸ்டிலிருந்து (வலப்பக்கச் சிலிண்டர் வால்வு) 2.1 மீட்டர் நீள ஹோஸ் உடம்பைச் சுற்றி வாய்க்கு வர வேண்டும். மிதவைப் பைக்குக் காற்று விடும் விங் இன்ஃப்ளேட்டரும் அங்கேதான். இடது போஸ்டில் கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரும் பிரஷர் கேஜும். டிஎஸ்4-இல் நான்கு லோ பிரஷர், கேஜுக்கான ஹை பிரஷர் போர்ட் ஒரே ஒன்று. போதுமா என்று தம்பி கேட்டான். ட்வின்செட்டில் கேஜே ஒன்றுதான், அதனால் தாராளமாகப் போதும். போர்ட்டுகளும் சாய்வாக அமைந்திருப்பதால் ஹோஸ் தானாகக் கீழ்நோக்கி வழியும். எம்கே17-இல் ஹை பிரஷர் போர்ட் இரண்டு. சுழலும் தலை என்றால் அதற்கென்று இன்னொரு ஓ-ரிங், அதாவது கசிய இன்னொரு இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜில் ஏபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ்50, ஸ்கூபாப்ரோ ஜி260 இரண்டுமே அருமை. இரண்டிலும் ஹோஸை இடப்பக்கம் மாற்றலாம், இழுவையைத் திருகிச் சரிசெய்யலாம். வாய்க்கு எது இதமோ அதை எடுங்கள்.

சிலிண்டர் வால்வோடு சேரும் இணைப்பு யோக், டின் (DIN) என்று இரண்டு வகை. எதை எடுத்தாலும் டின் இணைப்பில் எடுங்கள். யோக் வால்வின் மேல் கவ்விக்கொண்டு நிற்கும், இடித்தால் ஓ-ரிங் பிதுங்கலாம். டின் உள்ளே திருகி இறங்கும், ஓ-ரிங் சிறைப்பட்டிருக்கும். வாடகைப் படகுகளில் யோக் சிலிண்டர் வந்தால் ஒரு அடாப்டர் பையில் இருக்கட்டும். ஐரோப்பாவிலிருந்து பழைய நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) ரெகுலேட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மரையைப் பாருங்கள். அது எம்26 ஆக இருந்தால் நம் வழக்கமான டின் வால்வில் ஏறாது.

டெகோ சிலிண்டருக்கு, அதாவது மேலே ஏறும் வழியில் மூச்சிழுக்க எடுத்துப்போகும் ஆக்சிஜன் கூடிய தனிச் சிலிண்டருக்கு, என் பதில் வேறு. அங்கே எம்கே2 போன்ற பேலன்ஸ் இல்லாத எளிய பிஸ்டன் போதும். 50 சதவீத ஆக்சிஜனை 21 மீட்டரில், சுத்த ஆக்சிஜனை 6 மீட்டரில்தான் தொடுகிறோம். சிலிண்டர் அழுத்தம் இறங்கும்போது இழுவை கொஞ்சம் கூடினாலும் அந்த ஆழத்தில் அது ஒரு பாரம் இல்லை. "அதுவும் பிஸ்டன்தானே அண்ணே, வண்டல் ஏறாதா?" என்றான். ஏறும். ஆனால் பாகம் மிகக் குறைவு, கழுவிச் சேர்ப்பது சுலபம். ஒன்றில் மட்டும் விளையாடக் கூடாது: 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் போகிற ரெகுலேட்டர் அதற்கென்றே சுத்தம் செய்து, ஆக்சிஜனுக்கு ஏற்ற கிரீஸும் ஓ-ரிங்கும் போட்டதாக இருக்க வேண்டும். சாதாரண சிலிகான் கிரீஸ் உள்ளே இருந்து, வால்வை வெடுக்கென்று திறந்தால் தீப்பிடிக்கலாம். உப்புக்கு அசராத டைட்டானியமும் இதே காரணத்தால் டெகோவுக்கு ஆகாது.

முதுகில் சுமக்கும் ட்வின்செட்டுக்கு எம்கே17-ஆ, டிஎஸ்4-ஆ? இதில் உங்கள் பக்கத்து டெக்னீஷியனைக் கேளுங்கள். பொதுவாக 2 வருடம் அல்லது 100 டைவ், எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ். அந்த நேரத்தில் எந்த மாடலின் சர்வீஸ் கிட் (மாற்றுப் பாகங்கள்) அவர் கையில் இருக்கிறதோ அந்த மாடலை வாங்குங்கள், இரண்டு போஸ்டுக்கும் ஒரே மாடலாக. ஒருமுறை இரண்டு போஸ்டுக்கும் வேறு வேறு மாடல் வைத்திருந்தேன். ஒன்றுக்குக் காற்றை அடைத்து நிறுத்தும் சீட் வரவில்லை என்று தெளிந்த பங்குனிக் கடலை மூன்று வாரம் கரையில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

தம்பி இரண்டு டிஎஸ்4-உம் ஒரு எம்கே2-உம் எடுத்தான். வந்த அன்றே இன்ஃப்ளேட்டர் ஹோஸில் சின்ன கேஜைச் செருகி ஒரு டிஎஸ்4-ஐச் சோதித்தோம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சீட் நன்றாக அமர்ந்திருந்தால் முள் 9-க்கும் 10 பாருக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்கும். தேய்ந்திருந்தால் மெல்ல மெல்ல ஏறும். செகண்ட் ஸ்டேஜில் காற்றை வெளியே விடும் பர்ஜ் பட்டனை அழுத்தி அழுத்தி விட்டோம். 9.6-இல் நின்றது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், அங்கேயே நின்றது.