ஸ்ட்ரெய்ட்னர் வாங்கும்போது தட்டைப் பார்ப்பதா, டிகிரியைப் பார்ப்பதா?

என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். முதல் நாள் சாயங்காலம் கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் அவள் அறையிலிருந்து கருகிய வாடை வந்தது, கோழி இறகைத் தீயில் காட்டினால் வருமே, அதே வாடை. ஓடிப் போய்ப் பார்த்தால் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஸ்ட்ரெய்ட்னர், அதன் இரண்டு தட்டுக்கும் நடுவில் பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை முடி. அந்த முடி தலையோடு இல்லை. குளித்து வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, துண்டால் துவட்டிவிட்டு அப்படியே பிடித்திருக்கிறாள். "புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சுக்கா, ஆவிதானேன்னு விட்டுட்டேன்" என்று அழுதாள்.

அறுந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்து கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். இழை நெடுக ரவை ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள். புள்ளி இருக்கும் இடத்தில் லேசாக வளைத்தாலே ஒடிந்தது. தோல் மருத்துவர்கள் இதை பபுள் ஹேர் என்கிறார்கள். முடிக்குள் இருக்கும் தண்ணீர் திடீரென்று கொதித்து ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே குமிழ் விட்டு, முடியை ரஸ்க் மாதிரி ஆக்கிவிடுகிறது. ஈரமுடியாக இருந்தால் 125 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் போதும். அதற்கு எண்ணெயும் கிடையாது, சீரமும் கிடையாது, வெட்டத்தான் வேண்டும். அவளுக்கு அறுந்தது கன்னத்துக்குப் பக்கத்தில், அதனால் வெட்டக்கூட முடியாமல் கொண்டை ஊசி குத்தி மறைத்து நிச்சயதார்த்தத்தை முடித்தோம்.

அந்த மெஷின் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 35 வெள்ளிக்கு வாங்கியது. ஒரே ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு. எத்தனை டிகிரியில் சுடுகிறது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதன் பிறகு ஒரு வருடமாக வீட்டிலும், அலுவலகத் தோழிகளிடமும், சித்தி மகளிடமும் கடன் வாங்கி விதவிதமான மெஷின்களைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எல்லாரும் முதலில் கேட்பது "தட்டு செராமிக்கா, டைட்டானியமா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

சூட்டை எண்ணில் காட்டுகிறதா இல்லையா? எனக்கு இதுதான் முதல் பிரிவு. காய்ந்த முடியின் புரதமே 220 டிகிரியைத் தாண்டும்போது உருக்குலைய ஆரம்பிக்கிறது. கடையில் இருக்கும் பல மெஷின்கள் 230 வரை போகும், பெட்டியில் அதையே பெருமையாகப் போட்டிருப்பார்கள். 'லோ, மீடியம், ஹை' என்று மட்டும் இருப்பது சுவிட்ச் மட்டும் உள்ளதைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனால் ஒரு மெஷினின் 'லோ' இன்னொன்றின் 'மீடியம்' ஆக இருக்கலாம். 150, 160, 170 என்று எண் காட்டுவதுதான் நம்பி வாங்கக்கூடியது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: ஜிஎச்டி என்ற பிராண்டு மாதிரி சில மெஷின்களில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஆனால் கம்பெனியே 185 டிகிரியில் நிறுத்தி வைத்திருக்கும், தட்டு முழுக்க அந்தச் சூடு சீராக இருக்கும். சாயம் போடாத, ஆரோக்கியமான, அடர்த்தியான முடிக்கு அது சரி. பிளீச் செய்து சாயம் போட்ட முடிக்கோ, என் அம்மாவுடையதைப் போல மெலிந்து நரைத்த முடிக்கோ 185 அதிகம் என்றே சொல்வேன்.

நான் இப்போது வைத்துக்கொள்ளும் கணக்கு இது. மெல்லிய முடி, சாயம் போட்ட முடி என்றால் 150-க்குள். சாதாரண முடிக்கு 160 முதல் 175. நல்ல கெட்டியான சுருள் என்றால் 185, அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். அதிலும் ஒரே தலையில் ஒரே சூடு வைக்கக் கூடாது. முடி மாதத்துக்குச் சுமாராக ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பு வரை, 60 சென்டிமீட்டர் முடி இருக்கிறது என்றால் நுனியில் இருப்பது நாலைந்து வருடத்துப் பழைய முடி. நாலைந்து தீபாவளி பார்த்த முடி, அத்தனை வருடத்து வெயிலும் சீப்பும் ஷாம்பூவும் பட்டது. காதுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறு மாத முடிக்குக் கொடுக்கும் சூட்டை அதற்கும் கொடுத்தால் எப்படித் தாங்கும்? நுனிக்கு வரும்போது 20 டிகிரி குறைப்பேன், அல்லது நுனியை விட்டுவிடுவேன்.

இனி தட்டுக்கு வருவோம். செராமிக் மெதுவாக ஏறும், ஆனால் சூடு ஒரே சீராகப் பரவும். டைட்டானியம் சீக்கிரம் ஏறும், முடியில் பட்டாலும் சூடு இறங்காது, அதனால் சலூனில் இருபது நிமிடத்தில் ஒரு தலையை முடிக்க வேண்டியவர்களுக்கு அது கைவந்த கருவி. வீட்டில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, பின்தலையைத் தடவித் தடவிச் செய்கிற நமக்குக் கை அங்கங்கே நின்றுவிடும். டைட்டானியத்தில் இரண்டு விநாடி நின்றாலும் முடி காட்டிக் கொடுக்கும். ஆகவே வீட்டுக்கு என் ஓட்டு செராமிக்குக்குத்தான். ஆனால் 'செராமிக்' என்று பெட்டியில் போட்டதெல்லாம் செராமிக் இல்லை, மலிவான மெஷின்களில் பெரும்பாலும் அலுமினியத் தட்டுக்கு மேல் பூச்சு மட்டும்தான் இருக்கும். பழைய தோசைக்கல்லில் பூச்சு போனால் என்ன ஆகிறது என்று தெரியுமே, அதேதான் இங்கேயும்: பூச்சு உரிந்த இடத்தில் முடி பிடித்து இழுக்கும், அங்கே மட்டும் சூடு எகிறும். வாரம் ஒரு தடவை, மெஷின் ஆறிய பிறகு, தட்டின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பு தெரிந்தால் அதோடு நிறுத்திவிடலாம். டூர்மலின், அயானிக் என்பதெல்லாம் முடி பறப்பதைக் கொஞ்சம் குறைக்கும் என்கிறார்கள், எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்காக நூறு வெள்ளி கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

தட்டு இல்லாத வகைகளும் இருக்கின்றன. சீப்பு மாதிரி இருக்கும் ஹாட் பிரஷ்ஷை நான் முதலில் மதிக்கவே இல்லை, இப்போது தினசரி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். இரண்டு தட்டுக்கு நடுவில் முடியை நெரிக்காது, பற்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகும், அழுத்தம் குறைவு. கம்பி மாதிரி நேராக வராது, அது உண்மை. ஆனால் நம்மில் பலர் எப்படியும் பின்னலோ கொண்டையோ குதிரைவாலோ போட்டுத்தான் அலுவலகம் போகிறோம், உள்ளே மடிந்து கிடக்கும் முடியை வேரிலிருந்து நுனிவரை இழைக்க என்ன அவசியம்? முன்தலையும் உச்சியும் படிந்திருந்தால் போதும். அதற்கு பிரஷ்ஷில் ஐந்து நிமிடம்.

நீராவி மெஷின் சித்தி மகளுடையது. முடி மினுமினுப்பாக வருகிறது, ஒரே இழுப்பில் படிகிறது. அடர்த்தியான முடிக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கனம் அதிகம், தண்ணீர் ஊற்ற வேண்டும், சிலவற்றில் தனித் தொட்டியும் குழாயும் வரும். 'நீராவியில் செய்தால் முடி கெடாது' என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அதிலும் சூடான தட்டு இருக்கத்தான் செய்கிறது, அதிலும் முடியைக் காய வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஈரமுடியிலேயே செய்யலாம் என்று உண்மையில் வடிவமைத்தது காற்றை ஊதி நேராக்கும் வகை, டைசன் 2023-இல் கொண்டுவந்த ஏர்ஸ்ட்ரெய்ட் மாதிரி. அதில் கொதிக்கும் தட்டு கிடையாது, காய வைப்பதும் நேராக்குவதும் ஒன்றாக நடக்கும். விலைதான் இடிக்கிறது. தினமும் தலைக்குக் குளித்து தினமும் நேராக்கிக்கொள்ளும் ஒருவருக்கு அது நியாயமான செலவாக இருக்கலாம், வாரம் ஒரு நாள் செய்கிற எனக்கு இல்லை.

எந்த மெஷினானாலும் நம் ஊரில் எல்லாருக்கும் ஒரு பெரிய பிரச்சினை, கோலாலம்பூரின் காற்று. காலையில் பார்த்துப் பார்த்து நேராக்கிவிட்டு எல்ஆர்டி ரயில் பிடித்து மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி நடக்கும்போதே நெற்றியோரம் சுருள ஆரம்பித்துவிடும். மழை பிடித்தால் கேட்கவே வேண்டாம். உடனே நாம் என்ன நினைக்கிறோம்? சூடு போதவில்லை, நாளைக்கு 210 வைப்போம் என்று. என் தங்கையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், ஒரே கற்றையை நாலு தடவை இழுப்பாள்.

சூட்டைக் கூட்டினால் சுருளுவது நிற்காது, ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி முடி பிழைத்துவிடும். முடிக்குள் இருக்கும் பிணைப்புகளில் இங்கே இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஹைட்ரஜன் பிணைப்பு என்பது லேசான முடிச்சு, தண்ணீர் பட்டாலோ சூடு பட்டாலோ அவிழும், காய்ந்து ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கந்தகப் பிணைப்பு என்பது கெட்டி முடிச்சு, சுருளா நேரா என்ற நிரந்தர வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. ஸ்ட்ரெய்ட்னர் மாற்றி அமைப்பது லேசான முடிச்சைத்தான். 160 டிகிரியில் அமைந்த முடிச்சும் சரி, 220-இல் அமைந்த முடிச்சும் சரி, காற்றில் இருக்கும் ஈரம் பட்டால் இரண்டும் அவிழத்தான் செய்யும். கூடுதலாகக் கொடுத்த 60 டிகிரி முடியைக் கெடுத்ததோடு சரி.

நம் ஊரில் நேரம் நீட்டிக்க வேறு வழி இருக்கிறது. முதலில் முடியை முழுக்கக் காய வைப்பது, கைக்குக் காய்ந்தது போல இருந்தாலும் பிடரிப் பக்கம் ஈரம் நிற்கும், அங்கே ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து இன்னும் ஐந்து நிமிடம். அப்புறம் இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிசாகக் கற்றை எடுத்து, நிற்காமல் ஒரே இழுப்பு. அதன் பிறகு, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆறும் வரை தொடாமல் விடுவது. முடிச்சு விழுவது ஆறும்போதுதான். சூட்டோடு சூடாகக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினால் அந்த மடிப்பும் சேர்ந்து பதிந்துவிடும். ஆறிய பிறகு சிலிக்கான் கலந்த சீரம் இரண்டு சொட்டு, காற்றின் ஈரத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வைக்கும்.

எண்ணெயா, ஹீட் ஸ்ப்ரேயா? எங்கள் வீட்டில் இது பெரிய வாக்குவாதம். அம்மா சொன்னார்கள், "தேங்காய் எண்ணெய் தடவிட்டு அயன் பண்ணும்மா, முடி காயாது." அம்மா சொன்னதில் பாதி சரி. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள், மினரல் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தக் குணம் இல்லை. ஆனால் அது தலைக்குக் குளிப்பதற்கு முன்னாலோ பின்னாலோ தடவும் எண்ணெயைப் பற்றியது. தட்டுக்கு அடியில் வைப்பதைப் பற்றியது இல்லை. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 175 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். ஆகவே முதல் நாள் ராத்திரி எண்ணெய், காலையில் குளியல், காய்ந்த பிறகு ஸ்ப்ரே. ஸ்ப்ரே கவசம் இல்லை, சூடு முடிக்குள் போகும் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஸ்ப்ரே என்றால் அடித்ததும் மெஷினை எடுக்காதீர்கள், அதுவும் ஈரம்தான்.

வாங்கும்போது சிரிம் ஒட்டுவில்லை, அதாவது மலேசியத் தரச் சான்று, இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்தது என்றால் அடியில் என்ன வோல்டேஜ் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் செருகாதீர்கள், 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230-240 வோல்ட்டில் எரிந்துவிடும்.

மெஷினே வேண்டாம், சலூனில் செய்துகொள்கிறேன் என்பவர்களுக்கு இரண்டு வழி. ரீபாண்டிங் என்பது அந்தக் கெட்டி முடிச்சையே ரசாயனத்தால் அறுத்து, அயன் செய்து, நேரான வடிவில் திரும்பக் கட்டுவது. மழைக்கும் அசையாது, ஆனால் வளர்ந்து வரும் புது முடி சுருளாகவே வரும். நாலாவது மாதம் மேலே நாலு சென்டிமீட்டர் அலை, கீழே கம்பி. அந்தச் சந்திப்பில்தான் முடி ஒடியும். கெராட்டின் என்று சொல்வது முடிச்சை அறுக்காமல் மேலே பூசிச் சூட்டில் பதிய வைப்பது, சில மாதத்தில் கரைந்துபோகும். மென்மையானது என்று நினைத்துப் பலர் அதற்குப் போகிறார்கள், எனக்கு அதில்தான் பயம் அதிகம். சில மருந்துகளில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைட் வெளிவரும், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. 'ஃபார்மால்டிஹைட் இல்லை' என்று எழுதியிருப்பவற்றில் பலவும் கிளையாக்சிலிக் அமிலத்தை வைத்துச் செய்தவை. ஒரே பெண்ணுக்கு மூன்று தடவையும் சலூனில் நேராக்கிய பிறகு சிறுநீரகம் பாதித்ததையும், அந்த கிரீமில் இந்த அமிலம் இருந்ததையும் 2024-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சலூனில் போய் உட்கார்ந்ததும் "அக்கா, அந்த பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கண் எரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கைக்கு நான் வாங்கிக் கொடுத்தது எண் காட்டும் செராமிக் மெஷின், 120-இலிருந்து ஆரம்பிக்கும், தானே அணைந்துவிடும். முன்முடிக்கு 165, நுனிக்கு 145, வாரத்துக்கு இரண்டே நாள், மற்ற நாளில் பிரஷ். அறுந்த இடத்து முடி இப்போது தாடையைத் தாண்டி இறங்கியிருக்கிறது. போன வாரம் கேட்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் ரீபாண்டிங் பண்ணிக்கொள்ளட்டுமா என்று. அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஒவ்வொரு கற்றையாகப் பிரித்துப் பார்த்தேன், இடது பக்கம் கீழே மூன்று விரல் அளவுக்கு இன்னும் அந்த வெள்ளைப் புள்ளி இருக்கிறது. அதை வெட்டிவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.