பழைய வழிபாட்டு ஒழுங்கா, மேடை இசையா?

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வழிவந்தது லூத்தரன் திருச்சபை. அதில் பழமையைப் போற்றும் போதகருக்கு இன்றைய பண்பாட்டோடு வரும் உரசல் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் தெரியும். பழைய ஆராதனை முறையைக் காப்பதா, இசைக்குழுவும் ஒளித்திரையும் கொண்ட புது வடிவத்தை ஏற்பதா?

பழைய முறையில் பாவ அறிக்கை, பாவமன்னிப்பு, வேத வாசிப்பு, விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து எல்லாம் வரிசையாக வரும். போதகரின் பிரசங்கம் பிசகிப்போன நாளிலும் சுவிசேஷம் சபையாரின் காதில் விழுந்துவிடும். இது சின்ன லாபமல்ல. புதிதாக வருபவர்தான் எப்போது எழுவது, எப்போது அமர்வது என்று தெரியாமல் விழிப்பார்.

புது வடிவத்தில் அந்தத் திண்டாட்டம் இல்லை. மெட்டு பழகியது, மொழி எளியது. ஆனால் பல இடங்களில் பாவ அறிக்கைதான் முதலில் காணாமல் போகிறது. பாடல்களில் ‘நான் உணர்கிறேன்’ பெருகி, ‘அவர் செய்தார்’ சுருங்குகிறது.

லூத்தரை இரு தரப்பாரும் தம் பக்கம் இழுக்கிறார்கள். 1526இல் எளிய மக்களுக்காக ஜெர்மன் மொழியில் ஆராதனை முறை வெளியிட்டவர் அவர். 1523இல் லத்தீன் பூசையை, அதாவது பழைய திருவிருந்து ஆராதனையை, திருத்தினாரே தவிர, தூக்கி எறியாதவரும் அவரே. லூத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் அப்படித்தான்: மனிதர் வகுத்த சடங்குகள் எங்கும் ஒன்றுபோல் இருக்கத் தேவையில்லை என்கிறது 7ஆம் பிரிவு, பூசையை நாங்கள் ஒழித்துவிடவில்லை என்கிறது 24ஆம் பிரிவு.

என் சாய்வு பழையதன் பக்கம். கிதாரோடு எனக்குப் பகையில்லை. பாவமன்னிப்பை அறிவித்த பிறகு தாராளமாக வாசிக்கட்டும்.