வவுனியாவில் வாங்கிய புளோவர் மொடியூல்: பொருத்திப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியில் நாங்கள் பாவிக்கும் ஜப்பான் காரில், ஏசியின் காற்று வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் காற்றை ஊதும் புளோவர் முழு வேகத்தில் மட்டுமே இரைந்துகொண்டிருந்தது. தானியங்கி ஏசி உள்ள வாகனங்களில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மோட்டரை அல்ல, அதற்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மொடியூலையே. வன்னி வெயிலில் ஹீட்டரைத் தேடுவார் இல்லையென்றாலும், ஹீட்டருக்கும் ஏசிக்கும் காற்றை அனுப்புவது இதே புளோவர்தான். மாரி மழையில் முன்கண்ணாடியில் படியும் புகாரை அகற்றவும் அதுவே வேண்டும் என்பதால் இந்தப் பழுதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

கழற்றிய மொடியூலோடு வவுனியாவில் ஒரு பாட்ஸ் கடைக்குப் போனபோது, புதிய மாற்றுத் தயாரிப்பு ஒன்றையும், வேறொரு வாகனத்திலிருந்து கழற்றிய அசல் பாகம் ஒன்றையும் காட்டினார்கள். புதியதன் அலுமினியத் தகடுகள் மெல்லியனவாகவும் குட்டையாகவும் இருந்தன. மோட்டரின் வேகம் குறையும்போது மிஞ்சும் மின்சக்தி மொடியூலில் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தைத் தகடுகள் வாங்கி, புளோவரின் காற்றிலேயே ஆற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால், பாவித்த அசலே மேல் என்று தீர்மானித்தேன். கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, பாக இலக்கத்தையும் கனெக்டரின் பின்களையும் ஒப்பிட்ட பின்னரே பில் போட்டார். மின்சாமான்களைத் திருப்பி எடுக்கத் தயங்கும் கடைகளுக்கு நடுவே இந்தப் பொறுமை பெரிய உதவி.

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, டாஷ்போர்ட் பெட்டியை இறக்கினால், எங்கள் காரில் புளோவருக்கு அருகே இரண்டு திருகாணிகளில் மொடியூல் நிற்கிறது. கார் ஓடி நின்ற கையோடு அதைத் தொட்டால் தகடுகள் சுடும்.

பழையதன் தகடுகளுக்கிடையே செம்புழுதியும் காய்ந்த வேப்பிலைக் காம்புகளும் அடைந்திருந்தன. ஒரு பின்னைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. சோளகக் காற்றுக் காலத்துப் புழுதி, ஏசியின் காற்றை வடிகட்டும் பில்டரை அடைத்துவிட்டால் காற்றோட்டம் குறைந்து மொடியூல் ஆறாமல் சூடேறும் என்பதால், பில்டரைப் பார்க்காமல் மொடியூலை மட்டும் மாற்றுவது காசைக் கரைக்கும் வேலை. வயர்ப் பக்கத்துக் கனெக்டர் கருகியிருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும். மோட்டரையும் கையால் ஒருமுறை சுழற்றி, இறுக்கமின்றி ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது.

இப்போது ஏ9 வீதியில் நடுமத்தியான வெயிலிலும் எல்லா வேகங்களும் ஒழுங்காக வேலை செய்கின்றன. பாவித்த பாகத்துக்கு உத்தரவாதம் தரவில்லை என்பதே கடையில் நான் கண்ட குறை.